குழந்தைகளுக்கு அபயதானம்



இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த தானங்கள் நான்கு. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்பன அவை. முதல் மூன்றை நாம் ஓரளவு நன்கு அறிவோம். துறவியர்க்கு உணவளிக்கிறோம், நோயுற்றார்க்கு மருந்து வாங்கித் தருகிறோம், நூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். அபயதானத்தை மட்டும், வெட்டுக்குச் செல்லும் ஆட்டை மீட்பதோடும், கூண்டுப் பறவையை விடுவிப்பதோடும் நிறுத்திக் கொண்டோம். நம் வீட்டிலேயே அஞ்சி நடுங்கும் குழந்தைக்கும் அத்தானம் உரியது என்பதை, என் முதுமையில், ஒரு பெரும் பிழை செய்த பிறகே நான் உணர்ந்தேன்.

கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்த நாட்களை எவரும் மறந்திரார். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று வந்த மகாவீர் ஜெயந்தியை வீட்டிற்குள்ளேயே கொண்டாடினோம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று வந்த ஜெயந்தியும் ஞாயிறு முழு ஊரடங்கில் அமைந்தது. பெரியோர்க்கு அது பொறுத்துக்கொள்ளக் கூடிய குறை. குழந்தைகளின் நிலை வேறு. தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அச்சிறுவர்கள் தோழரின்றி, விளையாட்டின்றி, பெரியவர்களின் கவலைப் பேச்சையும் தொலைக்காட்சியில் ஓடிய மரண எண்ணிக்கையையும் கேட்டபடி இருந்தனர்.

வாலாஜாபேட்டையில் எங்கள் தெருவில் காலணி ஆலைகளுக்குச் செல்லும் பெண்கள் பலர் உள்ளனர். தோல் தொழில் நம் அகிம்சைக் கொள்கைக்கு உடன்பாடானதன்று. ஆயினும் ஆலை மூடிக் கூலி நின்றபோது அவ்வீட்டுக் குழந்தைகளின் முகத்தில் கண்ட அச்சமும், ராணிப்பேட்டை சிப்காட்டில் கணக்கெழுதும் என் மகனுக்குப் பாதிச் சம்பளம் வந்தபோது என் பேத்தியின் முகத்தில் கண்ட அச்சமும் ஒன்றே. அச்சத்திற்குக் குலமில்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். என் பேத்திக்கு அப்போது வயது பன்னிரண்டு. இணையவழி வகுப்பால் பொழுதுகள் தலைகீழாயின. இருட்டிய பின் அவள் பிஸ்கட் உண்பதைக் கண்டு ஒருநாள் சினந்து, “இராவுணவு உண்டால் தீவினை சேரும், அது இந்தக் குடும்பத்தையே வாட்டும்” என்றேன். அறம் சொன்னதாகவே எண்ணிக் கொண்டேன். 2021 மே மாதம், தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்றுக் கண்ட அந்த மாதம், என் கணவர் மருத்துவமனைக்குச் சென்றார், திரும்பவில்லை. அவர் முகத்தையும் எவருக்கும் காட்டவில்லை.

அதன் பின் குழந்தை சரியாக உண்ணவில்லை. வயிற்று வலி என்றாள். மருத்துவர் வயிற்றில் குற்றமில்லை என்றார். கை வெடிக்கும்வரை கழுவினாள். இரவில் என் மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். “பயப்படாதே, மந்திரம் சொல்லிப் படு” என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் பயின்று, பல்லாண்டு வகுப்பறையில் நின்றவள் நான். சொல்லத் தெரியாத அச்சம் குழந்தையின் உடலில் பேசும் என்று தேர்வில் எழுதியவளுக்கு, தன் வீட்டில் அது பேசியபோது கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு அவளே கேட்டாள்: “ஆயா, நான் இராத்திரியில் தின்றதால்தான் தாத்தா செத்துப் போனாரா?”

பெருமக்களே, என் நெஞ்சு நின்றுவிட்டது. நான் அவளுக்குத் தந்தது அறமன்று, அச்சம். அதுவும் அறத்திற்கு மாறான அச்சம்.

நம் சமயம் வினையைப் பற்றிக் கூறுவது என்ன? ஒருவர் செய்த வினையின் பயனை அவரே துய்ப்பார். மகன் வினையைத் தந்தை சுமப்பதில்லை. பேத்தி வினை பாட்டனைச் சேர்வதில்லை. பன்னிரு அனுப்பிரேக்ஷைகளுள் ஏகத்துவம் என்பது இதனையே சிந்திக்கச் சொல்கிறது. அந்த இரவு இதைத்தான் அவளிடம் சொன்னேன். “தாத்தாவுக்கு வந்தது ஒரு கிருமியால் வந்த நோய். அவர் ஆயுள் நிறைந்தது. உன் பிஸ்கட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயா அன்று சொன்னது தவறு” என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். அன்றுதான் நன்றாக உறங்கினாள்.

மோகனீய வினையின் பகுதியாக ஒன்பது நோகஷாயங்களைக் கூறுவர். அவற்றுள் அச்சமும் ஒன்று. தான் அஞ்சுவதும் பிறரை அஞ்சச் செய்வதும் அவ்வினை நம்மைப் பற்றக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை கண்ட பூஜ்யபாதர் விளக்கியுள்ளார். ஆகவே நரகத்தைக் காட்டியும் தீவினையைக் காட்டியும் குழந்தையை மிரட்டுவோர், அக்குழந்தைக்கு மட்டுமின்றித் தமக்கும் தீங்கு தேடிக் கொள்கின்றனர். வினைக் கொள்கை நம்மைத் திருத்திக் கொள்ளத் தரப்பட்ட விளக்கு. பிள்ளைகளை அடிக்கத் தரப்பட்ட பிரம்பன்று.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று ஸ்திதிகரணம், தளர்ந்தவரை நிலைநிறுத்துதல். அதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் சிரேணிக மன்னரின் மைந்தர் வாரிஷேணர். துறவு பூண்டும் மனைவியின் நினைவால் தடுமாறிய நண்பரை அவர் இகழவில்லை, விரட்டவுமில்லை. உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்த செல்வத்தைக் காட்டி, அவரே தெளியும்படி செய்தார். தளர்ந்தவரோடு கூட நடப்பதே நிலைநிறுத்துதல். தொலைவில் நின்று “தைரியமாக இரு” என்று கூவுவது அன்று.

பெற்றோர் செய்யத் தக்கவை சில உண்டு. முதலாவது, உண்மையைக் குழந்தையின் வயதிற்கேற்பக் கூறுதல். மறைக்கப்பட்ட செய்தியைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பும்; அக்கற்பனை உண்மையினும் கொடியது. இரண்டாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. எழுதல், பூசை, படிப்பு, பகலொளியில் உணவு, விளையாட்டு, உறக்கம் ஆகியவை நேரப்படி நடந்தால், உலகம் இன்னும் நிலைகுலையவில்லை என்று குழந்தையின் மனம் நம்பும். மூன்றாவது, காயோத்சர்க்கம். ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரத்தை இருபத்தேழு மூச்சுகளில் நினைப்பது நம் மரபு. ஒரு மந்திரத்திற்கு மூன்று மூச்சு என மெல்ல எண்ணும்போது பதற்றமும் தணிகிறது. கட்டளையிடாமல் குழந்தையோடு அமர்ந்து செய்யுங்கள்.

நான்காவது, மருத்துவ உதவி. உறக்கமின்மை, காரணமற்ற வலி, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, ஓயாத சினம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுக. இறந்துவிடலாம் என்ற சொல் வந்தால் ஒரு நாளும் தாமதியாதீர். 14416 என்னும் அரசின் டெலி மானஸ் எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். 2021-ல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கையின்படி, 21 நாடுகளின் இளைஞருள் சராசரியாக 83 விழுக்காட்டினர் மனத்துயருக்குப் பிறர் துணை நாடுவது நல்லது என்றனர். இந்தியாவில் அப்படிச் சொன்னவர் 41 விழுக்காட்டினரே. நாடுவது இழுக்கு என்று நாம் கற்பித்திருக்கிறோம். மனநோய்க்கு மருந்து தருவதும் ஔஷத தானமே.

நோய் தணிந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் எண்ணலாம். 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய ஆய்வில், 3,79,000-க்கும் மேற்பட்ட மாணவருள் 81 விழுக்காட்டினர் படிப்பும் தேர்வும் முடிவுமே தம் கவலைக்குக் காரணம் என்றனர். கிருமி போனாலும் அச்சம் வேறு உருவில் நம் வீட்டிலேயே இருக்கிறது. அதற்கு நாமே தீனியிடுகிறோம்.

எங்கள் ஊருக்கு அண்மையில், ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், பத்தாம் நூற்றாண்டில் பட்டினிக் குரத்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவி ஒரு கிணறு வெட்டுவித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. தாகத்தோடு வருபவரை “நீ யார், ஏன் தாகம்” என்று கிணறு கேட்பதில்லை. அஞ்சி வரும் குழந்தைக்கு நாம் அவ்வாறு இருத்தல் வேண்டும்.

2021-ல் தசலக்ஷண பருவம் முடிந்து க்ஷமாவணி நாளில் என் பேத்தியை எதிரே அமர்த்தி, கைகூப்பி, “நான் உன்னை அச்சுறுத்தினேன், பொறுத்துக்கொள், அம்மா” என்றேன். அவள் என் கைகளைப் பிரித்துத் தன் தலைமேல் வைத்துக் கொண்டாள். அந்த நவம்பர் 1 அன்று பள்ளி வாயில்வரை அவளோடு நடந்தேன். உள்ளே போகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தோழியரோடு போய்விட்டாள்.

வரும் க்ஷமாவணியில் நாம் பெரியோரிடம் மட்டுமன்றி, நம் குழந்தைகளிடமும் மன்னிப்புக் கேட்போம். அவர்கள் அச்சத்தைச் செவிமடுத்து அபயம் அளிப்போம்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!