உணரி சொன்னதும் உயிர் அறிந்ததும்

மலேசியாவின் குருண் வட்டார ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பால் வெட்டக் கிளம்பியதற்குக் காரணம் குளிர். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் தளர்ந்து பால் ஓட்டம் குறையும். அந்தக் குளிரை அறிய வெட்டுக்காரருக்குத் தோலே போதும். புகைக்கூடத்தில் அது போதாது. ரப்பர் ஷீட் உலர, சுமார் 40 முதல் 60 டிகிரிச் சூடு இரவு பகலாக நிற்கவேண்டும். ஆள் உள்ளே நின்று காவல் காக்க முடியாது. இன்று அப்படிப்பட்ட இடத்தில் டிஎஸ்18பி20 என்னும் சிறு உணரியை வைத்து, லினக்ஸில் ஓடும் ராஸ்பெர்ரி பை பலகையோடு இணைப்பது பள்ளி மாணவருக்கும் எட்டும் வேலை. திரையில் ஓர் எண் தோன்றுகிறது. அந்த எண் தரும் அறிவு கண்டதா, கருதியதா, கேட்டதா? அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில், அறியும் வழிகளாகப் பலர் பலவாக எண்ணிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றுக்குள் அடக்கினார். காட்சியிலும் ஐயமும் திரிபும் நீங்கியதையே ஏற்றார். திரையில் வரும் எண்ணைப் பலரும் காட்சி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது உரை என்பதே என் துணிபு.

இணைப்பு நடக்கும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். உணரிக்கு மூன்று கால்கள்: ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று தரைக்கு, நடுவிலுள்ளது செய்திக்கு. செய்திக் கம்பியை 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று 3.3 வோல்ட்டில் உயர்த்திப் பிடித்திருக்கும். உணரி அதைக் கீழே இழுத்து இழுத்துத்தான் பேசும். அந்த மின்தடையை மறந்தால் உணரி ஒன்று அங்கே இருப்பதே பலகைக்குத் தெரியாது. பலகை கேட்டவுடன் உணரி அளக்கத் தொடங்கும். நுட்பமான அளவுக்கு 750 மில்லி வினாடி வரை ஆகும். பிறகு ஒன்பது பைட்டுகளை அனுப்பும். கடைசி பைட்டு, முந்தைய எட்டும் வழியில் சிதையாமல் வந்தனவா என்று சோதிப்பதற்கு. எல்லாம் சரி என்றால் லினக்ஸ் ‘யெஸ்’ என்று எழுதிவிடும். ஆனால் அளக்கும் நடுவில் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால், உணரி மறுபடி விழித்தெழுந்து, பிறக்கும்போதே தன் நினைவிலிருந்த 85 டிகிரியைச் சொல்லும். சோதனை பைட்டு பொருந்தும். ‘யெஸ்’ என்றும் வரும். சொல் பழுதில்லாமல் வந்தது, சொன்னவரோ எதையும் காணவில்லை. சொல் சிதையாமல் வருவது வேறு, மெய்யாயிருப்பது வேறு.

அது ஒழுங்காக அளந்தாலும் காற்றின் சூட்டை அளப்பதில்லை. தன் உடம்பின் சூட்டையே அளக்கிறது. பலகையின் செயலிக்குப் பக்கத்தில் வைத்தால் செயலியின் சூட்டைச் சொல்லும், அடுப்புச் சுவரில் ஒட்டினால் சுவரின் சூட்டை. சார்ந்ததன் வண்ணமாதல் என்று உயிரின் இயல்பைச் சித்தாந்தம் சொல்லும்போது காட்டும், அருகிலுள்ளதன் நிறத்தையே ஏற்கும் படிகம் நினைவுக்கு வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. உயிருக்கு, இது என் நிறமன்று என்று உணர்த்தினால் உணர முடியும். உணரிக்கு உணர்த்த வழியில்லை.

கண்ணும் சடம்தானே, அதன் வழி வருவதை மட்டும் ஏன் காட்சி என்கிறாய் என்று கேட்கலாம். கண் சடம் என்பதைச் சித்தாந்தமே சொல்கிறது, காண்பது உயிர். ஆனால் காணும் கணத்தில் உயிர் கண்ணோடு கூடி நிற்கிறது. ஐயம் எழுந்தால் அப்போதே கிட்டப் போய்ப் பார்க்கிறது. உணரி அளந்து முடித்த பிறகுதான் செய்தி நம்மிடம் வருகிறது. இன்னும் கடுமையான கேள்வி, உடம்புக்கு வேறாக உயிர் உண்டென்று ஏற்காத உலகாயதர் பக்கத்திலிருந்து வரும்: 85 வந்தால் தள்ளிவிடு என்று நிரலில் ஒரு வரி எழுதினால் கருவியும் ஐயப்படுகிறதே, உயிர் எதற்கு? அந்த ஐயம் எழுதியவருடையது. அதே நிரலை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால், உண்மையான 85 டிகிரியையும் தள்ளிவிடும்; தள்ளியதில் அதற்கு உறுத்தலே இராது.

உரை என்ற சொல் ஆகமத்துக்கு உரியது, அதை ஒரு சிலிக்கான் துண்டுக்குத் தரலாமா என்று பக்தர் ஒருவர் வருந்தினால், அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் ஆகமத்தை ஏற்பதற்குக் காரணமே, சொன்னவன் மாசற்றவன் என்பது. உணரிக்கு அந்தத் தகுதி இல்லை என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அதை ஒரு சாதாரண சாட்சியாக வைத்துக்கொள்வோம். பயனுள்ள சாட்சி, நாம் தூங்கும்போதும் விழித்திருக்கும் சாட்சி. அதன் சொல்லைக் காட்சியாலும் கருதலாலும் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. “மிஷினே சொல்லிவிட்டது” என்று கைகழுவுவது அளவைகளில் எதிலும் சேராது.

ஆகவே உணரி பொருத்தும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுமுன், கதவைத் திறந்து உள்ளே ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள்.