அறிவிப்பு வாசிக்கப்படும் ஞாயிறு

நம் பங்கின் திருத்தொண்டர் ஒருவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட இருக்கிறார், தடை ஏதும் அறிந்தோர் தெரிவிக்க வேண்டும் என்று ஞாயிறு திருப்பலியில் அறிவிக்கப்படும்போது நாம் என்ன செய்கிறோம்? அவருடைய தாயைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைக்கிறோம். விருந்துக்கு எவ்வளவு நன்கொடை தரலாம் என்று எண்ணுகிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1043ஆம் விதி நம்மீது சுமத்தும் கடமை காதில் விழுவதோடு சரி.

அவ்விதி சுட்டும் தடைகளில் கோபமோ கர்வமோ இல்லை என்பது உண்மையே. ஆயினும் 1051ஆம் விதி குருமட அதிபரிடம் கேட்கும் சான்று விரிவானது: சரியான போதனை, உண்மையான பக்தி, நல்லொழுக்கம், பணிக்கேற்ற தகுதி, உடல்நலம், உளநலம். ஆயர் வேறு வழிகளிலும் விசாரித்தறியலாம் என்றும் அது கூறுகிறது. அதிபர் காண்பதோ மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கும் இளைஞரை. விடுமுறையில் அவர் யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை அறிந்தவர்கள் நாமே.

குருமடத்தில் விரைவில் நற்பெயர் தேடித்தரும் குணம் அடக்கம். ஆனால் அடக்கம் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு மனிதர்கள் ஒளிந்திருக்கலாம். ஒருவர் உண்மையிலேயே பிறருக்குச் செவிசாய்ப்பவர். மற்றவர் தம் முறை வரும்வரை காத்திருப்பவர். மேலோர் முன்னிலையில் இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். எளியோர் முன்னிலையில்தான் வேறுபாடு தெரியும். குருவின் மனித ஆளுமை மக்கள் கிறிஸ்துவைச் சந்திக்கப் பாலமாக வேண்டும், தடையாகக் கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1992இல் எழுதினார். பாலத்தின் உறுதியை அதன்மேல் நடப்பவரன்றோ அறிவார்!

அப்படியானால் குறைகளைப் பட்டியலிட்டு அனுப்பிவிடலாமா? இங்கே ஜான் மரிய வியான்னி நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். நெப்போலியன் காலத்துக் கட்டாயப் படைச்சேவைக்குச் செல்லாமல் தலைமறைவாக இருந்தவர் அவர். லத்தீன் வராமல் லியோன் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டார். 1815இல் குருவான பிறகும், தனிமையை நாடி ஆர்ஸ் ஊரைவிட்டு ஒருமுறைக்கு மேல் வெளியேற முயன்றார். நம் பட்டியல் அவரைத் தள்ளியிருக்கும். 1929இல் திருச்சபை அவரைப் பங்குத்தந்தையரின் பாதுகாவலராக அறிவித்தது. அவரிடம் குறைகள் இருந்தன. அவற்றை மறைக்க ஒரு வேடம் இருக்கவில்லை. மந்தபுத்தியைப் பொறுத்துக்கொள்ளலாம். எளியவரை இழிவுபடுத்தும் நாவை இளமையின் வேகம் என்று விட்டுவிடலாகாது என்பது நம் எண்ணம்.

ஆனால் நாம் விட்டுவிட்டோம். விடுமுறைக்கு வந்த குருமாணவர் ஒருவர், மெழுகுதிரி ஏற்றத் தாமதித்த முதிய கோயில்பிள்ளையைச் சிறுவர்கள் முன்னிலையில் ஒருமையில் அதட்டியதைக் கண்டோம். அபிஷேகம் பெறப்போகிறவரைக் குறைகூறுவது பாவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்த இளைஞரிடமே தனிமையில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் அவர் பெயர் அறிவிப்பில் வாசிக்கப்பட்டது. கோயில்பிள்ளை மணிக்கயிற்றின் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாம் கைதட்டினோம். அவரும் தட்டினார்.