நிறைய எழுதுகிறவர்கள்

எழுத்தாளன் என்று பெயரெடுத்துவிட்டவனிடம் ஜனங்கள் கேட்கிற கேள்விகளில் எனக்கு மிகவும் சங்கடமானது, "இதுவரைக்கும் எத்தனை எழுதியிருக்கிறீர்கள்?" என்பதுதான். இருபது வருஷமாக எழுதுகிறேன். நாவல்கள் ஆறு. கதைகள் எழுபதுக்குள். இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் தாழ்ந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று கேட்டவர் முகம் மறுகேள்வி போடும். அதற்கென்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "எண்ணிக்கையா முக்கியம்? மௌனி தம் ஆயுள் முழுவதும் எழுதியது 24 கதைகள்தாமே!"

இந்தப் பதிலை எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவனுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் பெரிய ஒத்தாசை. ஆனால் அதைச் சொல்லி ஒரு மனிதருக்கு நான் தீங்கு செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிடப் பெரியவர். குடித்தனம் பொன்னேரியில். இரண்டு வருஷத்துக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு வாசகர் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். திருவள்ளூரிலிருந்து ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் வண்டிக்கு மாறி, எண்ணூர், மீஞ்சூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போய்ச் சேர்ந்தேன். கூட்டம் முடிந்தபின் அவர் ஓரமாக வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதில் கணக்கு எழுதுகிற நீள நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று.

"தினமும் எழுதுறது சார். எட்டு வருஷமா. ஒரு நாள் விட்டது கிடையாது. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொன்னா போதும்" என்றார். இதற்கு முன் யாரிடமும் காட்டியதில்லையாம். வீட்டிலுள்ளவர்கள் அது ஏதோ மில் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் ஒன்றரை நோட்டுப் புத்தகம் படித்தேன். பால் விலை ஏறியது, இரவு ஷிப்ட், இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு மின்சாரம் போனது, உலையிலிருந்து எடுத்த கட்டை உருளைகளுக்குள் போகாமல் வளைந்துகொண்டது, வெளியே மழை, யார் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாளுக்கு ஒரு பக்கம். சில நாள் நான்கு பக்கம். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். "அண்ணே, கை நல்ல கை. ஆனா எல்லாத்தையும் எழுதணுமா? ஆயிரம் பக்கத்துல பத்துப் பக்கம் தேறும். அந்தப் பத்தை மட்டும் எழுதுங்களேன்" என்றேன். மௌனியின் கணக்கையும் சொன்னேன். "சரி சார்" என்றார். நோட்டுப் புத்தகங்களை அப்புறம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வரவில்லை. அவை என் அலமாரியில் இருந்தன.

நிறைய எழுதுவது குற்றமா? ஒருவன் தினந்தோறும், யாரும் கேட்காமல், தனியாக உட்கார்ந்து எழுதிக் குவித்தால் நமக்கு ஏன் ஓர் எரிச்சல் வருகிறது? தச்சன் தினமும் இழைக்கிறான். அவனை யாரும் "குறைத்துக்கொள்" என்பதில்லை. எழுதுகிறவனை மட்டும் சொல்கிறோம். எழுத்து என்பது எப்போதாவது மேலிருந்து இறங்கி வருகிற ஒன்று, அதற்காகக் காத்திருப்பதே யோக்கியம் என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற நாட்களில் நான் என்ன செய்கிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

1815-ஆம் வருஷத்தில், அதே ஏப்ரல் மாதத்தில், உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மற்றவர் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப். பிள்ளையவர்கள் பாட்டைச் சொல்லிக்கொண்டே போவார்; பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே வருவார். தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று ஆயிரக்கணக்கான செய்யுட்கள். டிராலப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு வந்துவிடுவார். எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வேலைக்காரனுக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகப்படியாகக் கொடுத்தார். எதிரே கடிகாரம், கால்மணிக்கு 250 வார்த்தை. இப்படி 47 நாவல்கள். இந்த இரகசியத்தை அவரே தம் சுயசரிதையில் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1883-இல் அது வெளியானதும் விமர்சகர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதியது கலையாகுமா என்று கேட்டார்கள். அதுவரை அந்த நாவல்களை ரசித்துப் படித்த கண்கள்தாமே அவையும்! நாவல் மாறவில்லை; எழுதிய விதம் தெரிந்ததுதான் வித்தியாசம்.

பிள்ளையவர்களின் புராணங்களை இன்று எடுத்துப் படிப்பவர்கள் மிகச் சிலர். அவரைப் பற்றி அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். ஆகவே நிறைய எழுதினால் நிலைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. எது நிலைக்கும் என்பது எழுதுகிற அன்றைக்கு எழுதுகிறவனுக்குத் தெரியாது. அப்படியானால் நான் எந்த அதிகாரத்தில் "பத்துப் பக்கம் தேறும்" என்றேன்?

இந்தக் கேள்வி எனக்குத் தானாக வரவில்லை. ஒரு நாவலுக்காக ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் வந்தது.

ரங்கப்பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். திருவள்ளூர் வண்டியில் நான் தினம் கடந்து போகிற பெரம்பூர்தான். புதுச்சேரிக்குப் போய் வியாபாரியாகி, பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்கு வலது கையாகவும் தலைமைத் துபாஷாகவும் இருந்தவர். 1736-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் சாகிற வரையில், இருபத்துநாலு வருஷத்துக்கு மேல், எழுதிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணை மூடிய சில தினங்களுக்குள் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

என்ன எழுதினார்? எல்லாவற்றையும் எழுதினார். இன்ன கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி போட்டார்கள், இன்ன சரக்கு இன்ன விலை, கவர்னர் எத்தனை மணிக்கு எழுந்தார், தமக்கு நடக்கும் திசை எப்படி, இன்னார் இன்னாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தார். கவர்னர் தம்மைப் புகழ்ந்து பேசினால் அதை ஒரு வார்த்தை சிந்தாமல் எழுதிக்கொள்வார்; அந்த விஷயத்தில் நம் எல்லோரையும் போலத்தான். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்களே, அந்த நாளையும் எழுதியிருக்கிறார். கோயில் இடிந்ததும் துணி விலையும் ஒரே எழுத்தில், ஒரே மையில், அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

ஒரு நல்ல பத்திரிகாசிரியர் கையில் இது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கோயில் இடிந்த பக்கத்தை வைத்துக்கொண்டு துணி விலையை அடித்திருப்பார். நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இன்றைக்குச் சரித்திரக்காரர்கள் அந்தத் துணி விலைக்காகத்தான் அவரைத் தேடி வருகிறார்கள். அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் வெளியுலகத்துக்குத் தெரியாமல் கிடந்தன. 1846-இல் காலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. பிறகு சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்தது. 1904-இல் தொடங்கி 1928-இல் முடிய, 12 பாகங்கள். பிரபஞ்சன் அந்தக் காலத்துப் புதுச்சேரியை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அந்தப் புதுச்சேரியின் தெருவும் சந்தையும் உயிரோடு எழுந்து வந்தது, நாம் அடித்துத் தள்ளியிருக்கக்கூடிய பக்கங்களிலிருந்துதான்.

ஆனால் ரங்கப்பிள்ளைக்கும் இன்றைக்கு நிறைய எழுதுகிறவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எழுதியதை மறுநாள் காலையில் யாரும் படிக்கவில்லை. இன்றோ எழுதின மை உலர்வதற்குள் (மை எங்கே இருக்கிறது? சும்மா சொல்கிறேன்) உலகமே படிக்கலாம். ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று நாவலாக எழுத 2014-ஆம் வருஷப் பிறப்பன்று தொடங்கினார். நாள்தோறும் ஓர் அத்தியாயம், தம் இணையதளத்தில், படிக்கிறவனிடம் ஒரு காசு வாங்காமல். 2020-இல் முடிக்கும்போது 26 நாவல்கள். இருபதினாயிரம் பக்கத்துக்கு மேல். நடுவிலே கட்டுரைகள், வாசகர் கடிதங்களுக்குப் பதில்கள் வேறு. அவரும் டிராலப் போல வெகுகாலம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்; தொலைபேசி இலாகா. அத்தனையையும் நான் படித்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். நாலைந்து நாவல்கள் படித்தேன். அதில் சில அத்தியாயங்கள் என்னை இரண்டு நாள் பேசவிடாமல் செய்தன. சில அத்தியாயங்களைத் தாண்டிப் போனேன். எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் அவர் பேச்சு வந்தால், "இவ்வளவு எழுதினால் எப்படித் தரமாக இருக்கும்?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். படிக்காதவர்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பது. பல தடவை அது நான்.

தினமும் எழுதி அன்றே வெளியிடுகிறவனுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆபத்து, எழுதுகிற அளவில் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் இருக்கிறது. நேற்று எந்த வரிக்குப் பாராட்டு வந்தது என்று கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்றைக்கு அதே வரியின் தம்பியை எழுதும். நாளைக்குத் தங்கையை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை எழுதிய நாட்களில் இதை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு வில்லன் பாத்திரத்துக்கு நிறையக் கடிதம் வந்தது என்பதற்காக, சாக வேண்டியவனைப் பதினாலு வாரம் சாகவிடாமல் வைத்திருந்தேன்! குறைவாக எழுதுகிறவனும் இதற்குத் தப்பியவன் இல்லை. அவன் தன் குறைவைப் பாராட்டுகிறவர்களுக்காக இன்னும் குறைத்துக்கொண்டே போவான்.

மில்காரருக்கு அந்த ஆபத்துக்கூட இருக்கவில்லை. எட்டு வருஷம் எதிரே யாருமில்லாமல் எழுதினார். முதல் வாசகனாக நான் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு போன் பேச்சு.

ரங்கப்பிள்ளையை மூடிவைத்துவிட்டு, அலமாரியிலிருந்த பதினொரு நோட்டுப் புத்தகங்களையும் போன மாதம் எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை முழுக்கப் படித்தேன்.

சாப்பாட்டு வேளையில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று அவர் தினமும் எழுதுவதை முன்பே சொன்னேன். மில்லில் வடக்கத்திப் பையன்கள் நிறைய. ஏழாவது நோட்டுப் புத்தகத்தில் ஒரு நாள், "பாலசோர் பையன் தனியாகச் சாப்பிட்டான்" என்று ஒரு வரி. ஒரிஸாவின் பாலசோரிலிருந்து வந்தவன் போலிருக்கிறது, பெயர் எழுதவில்லை. மூன்று மாதம் அதே வரி. ஒரு நாள், "பாலசோர் பையன் உலைக்காரரோடு சாப்பிட்டான், ஊறுகாய் கேட்டு வாங்கினான்." அப்புறம் ஒரு வருஷம் எத்தனையோ பேர் பெயருக்கு நடுவே அவன் வந்து போகிறான். "பாலசோர் பையன் தமிழில் திட்டினான், எல்லோரும் சிரித்தோம்." பதினோராவது நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், "பாலசோர் பையன் வரவில்லை." மறுநாள் மழை, கம்பி லோடு, இரண்டு லாரி, "பாலசோர் பையன் வரவில்லை." இப்படி ஒன்பது நாள். அதோடு நோட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது.

நான் தேற்றி எடுத்திருக்கக்கூடிய பத்துப் பக்கத்தில் இந்த வரிகளில் ஒன்றுகூட இருந்திருக்காது. தனித்தனியாக எடுத்தால் இவற்றில் ஒன்றுமேயில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்ததும், "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு போன் போட்டா நான் வந்திருப்பேனே சார்" என்றார். உள்ளே பார்த்துக் காப்பிக்குச் சொன்னார். நான் நேரே கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பாலசோர் பையன் என்ன ஆனான்?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஊருக்குப் போய்ட்டான்னு சொன்னாங்க. கல்யாணம்னாங்க. வேற மாதிரியும் ஒருத்தர் சொன்னாரு சார்... இல்ல, அது வேற பையனோ என்னவோ. சரியா ஞாபகம் இல்ல." பிறகு, குற்றம் சொல்கிற தொனி சிறிதும் இல்லாமல், "அந்தச் சமயம்தானே நான் எழுதறதை நிறுத்தினேன்" என்றார்.

காப்பி வந்தது. நான் அதை வாங்கிக் கீழே வைத்தேன்.