அறிவு திரிந்தவன் வினையும் நம் விழிப்பின்மையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் சமயம், கொலை எங்கே பிறக்கின்றது என்பதையும் நுணுகி ஆராய்ந்துள்ளது. யசோதர காவியம் கற்றோர் இதனை நன்கறிவர். தாயின் சொல்லுக்கு இணங்கி மன்னன் பலியிட்டது மாவினாற் செய்த கோழியையே. ஆயினும் கொல்லும் எண்ணம் அங்கிருந்தமையால், தாயும் மகனும் விலங்குகளாய்ப் பிறந்து பிறந்து துன்புற்றனர். திரவிய இம்சை நிகழாவிடினும் பாவ இம்சை வினையை ஈட்டித் தந்தது. இதன் மறுதலையாக ஒரு வினா எழுகின்றது. நோயினால் அறிவு திரிந்து, தான் செய்வது தீது என்று உணர மாட்டாத ஒருவன் பல உயிர்களைக் கொன்றால், அப்பழி யாரைச் சாரும்?

இது வெறும் ஏட்டு வினா அன்று. வேலுசாமி, தம்பி, அண்ணா என்னும் பெயர்களாலும் அறியப்பட்ட இராமன் இராகவ் என்பவன், பம்பாய் நகரில் நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கிய ஏழைகளைத் தாக்கிக் கொன்றான். 1968 ஆகஸ்டில் பிடிபட்டபின், நாற்பது பேருக்கு மேல் கொன்றதாக ஒப்புக்கொண்டான். 1969இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மருத்துவர் குழு அவனைப் பலமுறை ஆராய்ந்து, நாட்பட்ட மனச்சிதைவு நோய் உடையவன் எனக் கண்டது. 1987இல் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. 1995இல் அவன் இறந்தான்.

மனநோயால் தன் செயலின் இயல்பையோ, அது தவறு என்பதையோ அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது என்பது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்து 84ஆம் பிரிவு. 2024 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அது 22ஆம் பிரிவாக நிற்கின்றது. சட்டம் கேட்பது, செய்தவனுக்கு அறிவு இருந்ததா என்பதே. அறமோ இன்னொன்றையும் கேட்கின்றது: அறிவுள்ளோர் அப்போது எங்கிருந்தனர்?

1965, 66ஆம் ஆண்டுகளிலேயே பம்பாயில் இத்தகைய தாக்குதல்கள் நிகழ்ந்தன. அக்காலத்தில் இராகவைக் காவலர் பிடித்தும், சான்று இல்லாமையால் விடுவித்தனர். சான்றின்றி ஒருவனைச் சிறையில் வைத்தல் முறையன்று, அதில் பிழையில்லை. ஆனால் உற்றாரும் உறைவிடமும் இன்றி அலைந்த அம்மனிதனின் உள்ளம் பழுதுற்றதை உடனிருந்து நோக்க ஒருவரும் இருந்திலர்.

நம் ஆகமங்கள் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் வேராகக் காட்டுகின்றன. நோயுற்றவன் ஆன்மாவில் எவ்வளவு வினை ஒட்டிற்று என்பதைக் கேவலியே அறிவார். நம் பிரமாதத்தையோ நாமே அறியலாம்.

ஈண்டு ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. இவ்வாறு கூறின் மனநோயாளர் அனைவரையும் கொலைஞராகக் கருத நேருமே என்பர். அது பெரும்பிழை. அதே 1968இல், டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். தீ வைத்தவர்களைச் செலுத்தியது நோயன்று. குரோதமும் மானமும் ஆகிய கஷாயங்களே. மறுபுறம், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி இறந்தனர். மனநோயாளரிற் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துவோர் அல்லர், பிறரால் துன்புறுவோரே.

ஆகவே அறிகுறி அறிதல் என்பது அஞ்சி ஒதுக்குவதற்கன்று, அணைத்துக் காப்பதற்கே. உறக்கம் கெடுதல், தனித்தே இருத்தல், அனைவரும் தனக்குத் தீங்கு சூழ்வதாக ஐயுறல், பிறர்க்குக் கேளாத குரல் தனக்குக் கேட்பதாகக் கூறல், இன்னாரைக் கொல்வேன் என்று பன்முறை சொல்லுதல் ஆகியவற்றை ஒருபோதும் புறக்கணித்தல் ஆகாது. மருத்துவமின்மையோடு மதுவும் சேரின் இடர் பெருகும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாமும் இதை எண்ண வேண்டும். லாரித் தொழிலின் பொருட்டு மைந்தரைப் பல மாநிலங்களுக்கும் அனுப்பும் பகுதி இது. மகனின் பேச்சு மாறியதைத் தொலைபேசியில் உணர்ந்தும், திருமணம் தடைப்படுமே என்று மறைப்போர் உளர். காவிரிக் கரையிலுள்ள குணசீலத்திற்கு அழைத்துச் சென்று 48 நாள் தங்குவோரும் உளர். அந்நம்பிக்கையை இகழ வேண்டுவதில்லை. மருத்துவமும் உடன் வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவம் உண்டு. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கின்றது.

முன்வினை என்று கூறி வாளாவிருத்தல் வினைக்கொள்கை ஆகாது. காய்ச்சலும் வினைப்பயனே, அதற்கு மருந்து கொடாமல் இருக்கின்றோமா? நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் அபய தானமும் உள்ளன. மனம் நொந்தவனை உரிய காலத்தில் மருத்துவரிடம் சேர்ப்பவர், அவனுக்கு ஔஷத தானமும், அவனால் தீங்குறக்கூடிய உயிர்களுக்கு அபய தானமும் ஒருங்கே செய்தவர் ஆவார். இல்லறத்தார்க்கு இயலும் கொல்லாமை இதுவாகும்.