காய வேண்டிய நாட்கள்

மார்கழி 19

அத்தானோடு சைக்கிளில் இட்லி விற்கும் இன்னொருவர் பொங்கலுக்காக நேற்று ராத்திரி ஊருக்கு ரயிலேறிவிட்டார். தன் சைக்கிளை அத்தானிடம் விட்டுப் போயிருக்கிறார். தை 5ஆம் தேதிதான் திரும்புவார். அதுவரை அத்தானுடைய சைக்கிள் சும்மா நிற்கலாம்.

இருபது வருடத்துக்கு மேலாக, விடியுமுன் தாராவியிலிருந்து கிளம்பி சயான், மாட்டுங்கா, தாதர் என்று சுற்றிவரும் சைக்கிள். பஞ்சருக்கு நின்றிருக்கிறது, மழைக்கு நின்றிருக்கிறது. பெயின்ட் காய்வதற்காக ஒரு நாளும் நின்றதில்லை.

"மாப்ளே, இந்தப் பதினைஞ்சு நாள்ல இதை ஒரு வழி பண்ண முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

மார்கழி 20

கழற்றும் வேலை. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். நட்டைப் பின்னின் நுனிவரை திருப்பி ஏற்றிவைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்துத்தான் அடிக்க வேண்டும். இடது பின் ஒரே அடியில் வந்தது. வலது பின்னுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி அரை நாள் காத்திருந்தேன். பால்ரஸ் குண்டுகளை டப்பா மூடியில் போட்டு அக்கா வீட்டுப் பரணில் வைத்தாயிற்று.

எல்லாவற்றையும் கழற்றி ஃபிரேமை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் பார்த்த சைக்கிளை இன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறேன். துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஹேண்டில்பாரின் இடது பக்கம் சட்னி வாளி தொங்கும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் தளும்பும். அது வடிந்த வழியிலேயே, கழுத்திலிருந்து ஃபோர்க்கின் இடது கால் முழுக்க, துரு ஒரு கோடாக இறங்கியிருக்கிறது. வலது பக்கம் சாம்பார்த் தூக்கு இடித்து இடித்து ஃபோர்க்கில் சின்னச் சின்னச் சொட்டைகள். பின்னால் இட்லி அண்டாவைக் கட்டும் கயிறு உரசிய இடத்தில் இரும்பு வெள்ளியாக மின்னுகிறது. தினமும் உரசுகிற இடத்தில் துரு தங்க நேரமில்லை.

பாரில் அத்தான் ஒரு ரெக்சின் பை மாட்டியிருப்பார், சில்லறைக் காசுக்கு. அதை அவிழ்த்தபோது அடியில் ஒரு சாண் நீளத்துக்கு முதல் நாள் பெயின்ட் அப்படியே இருந்தது. நல்ல கறுப்பு. அதன் நடுவில் மயிரிழையாக ஒரு தங்கக் கோடு. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல கோடு இருந்துச்சா?" என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அதே நாள், ராத்திரி

ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது சீட்டுக் குழாயிலிருந்து ஒரு கைப்பிடி செந்தூள் கொட்டியது. 2005 ஜூலை 26. சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவான நாள். மித்தி ஆறு கரை தாண்டியது. இந்த சைக்கிள் ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. மறுநாள் அத்தான் வெளியே துடைத்தார், செயினுக்கு எண்ணெய் விட்டார். குழாய்க்குள் போன தண்ணீரை யார் நினைத்தார்கள்?

மார்கழி 21

கடையில் 'பாலிஷ் பேப்பர்' என்று கேட்டு வாங்கினேன். ஊரில் உப்புத்தாள் என்போம். 80, 120, 220, 400. எண் ஏற ஏறத் தாள் நைசாகும்.

பழைய பெயின்டை உலரத் தேய்க்கக் கூடாது. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதிலும் ஈயம் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதுதான் நல்லது. அந்தத் தூசு குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். அதனால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள், கீழே பழைய பேனர் துணி, மூக்கில் மாஸ்க். சந்துப் பிள்ளைகளை அக்கா உள்ளே உட்கார வைத்தாள். வழித்த சேற்றை அப்படியே சுருட்டிக் கட்டினேன். சாக்கடையில் ஊற்றவில்லை.

இங்கே தாராவியில், 13 காம்பவுண்ட் பக்கம் பழைய டின்களைச் சுத்தம் செய்து, சொட்டை எடுத்து, மறுபடி பெயின்ட் அடிக்கிற பையன்கள் இந்தத் தூசிலேயே நாள் முழுக்க நிற்கிறார்கள். பெரும்பாலும் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இருக்காது. நான் மூன்று நாள் தேய்க்கப் போகிறேன். அவர்களுக்கு இது வருடக்கணக்கு. இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் அவர்களுடைய மூச்சு கொஞ்சம் இருக்கிறது.

மார்கழி 23

தேய்ப்பு முடிந்தது. துரு பெயின்டுக்கு மேலே வருவதில்லை, அடியில் வருகிறது. இரும்பு துருவானால் பருமன் கூடும். உள்ளே ஊறி உப்பி, மேலிருக்கும் பூச்சைத் தானே தூக்கிவிடும். சின்னக் கொப்புளம் என்று நினைத்துச் சுரண்டிய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் துரு ஓடியிருந்தது. உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். மாஹிம் கழிமுகத்துக் காற்றிலும் உப்பு, சட்னியிலும் உப்பு. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்தவர்களும் உப்புப் போட்ட தோலைத்தான் கையில் எடுத்தார்கள். தாராவி உப்போடு பழகிய இடம்.

குழிகளுக்குள் ஒட்டியிருந்த மிச்சத் துருவுக்கு அக்காவின் யோசனை புளி. பித்தளைக் குடத்துக்குத் தேய்ப்பது போலக் கரைத்துப் பூசி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவினோம். கழுவிய கையோடு துணியால் ஒற்றி வெயிலில் வைத்தேன். ஈரம் நின்றால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செம்மை படரும். எங்கள் சந்தில் வெயில் விழுவது பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைதான்.

மார்கழி 24

இனி வீட்டில் வைக்க முடியாது. அக்கா வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு இட்லிக்கு அடுப்பு மூட்டுவார்கள். டர்பண்டைனும் நெருப்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. சந்திலோ தூசு.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் செக்ஷனில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் மொட்டை மாடியைக் கேட்டேன். மாடியைத் தந்ததோடு அவரும் ஏறிவந்தார். ஃபிரேமை உள்ளங்கையால் தடவவில்லை, புறங்கையால் தடவினார். "உள்ளங்கையில எண்ணெய் இருக்கும். புறங்கைதான் பொய் சொல்லாது." நான் முடித்தாயிற்று என்று நினைத்த மூன்று இடங்களைக் காட்டி மறுபடி தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன்.

அந்த ஒர்க்‌ஷாப் 1915இல் தொடங்கியது. ரயில் பெட்டிகளுக்குச் செம்மண் நிறம் அடித்த கையால்தான் அவர் தொண்ணூறுகளில் நீலம் அடிக்கக் கற்றுக்கொண்டாராம். பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்றாலும் கெடு வந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தே ஆக வேண்டும். சக்கரம் கழற்றி, பழுது பார்த்து, பெயின்ட் காயும்வரை நிற்கும். "நின்னாத்தான் ஓடும்டே" என்றார்.

அதை எழுதிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரயில் பெட்டிக்கு அந்தக் கெடு உண்டு. காலையில் ஓடினால்தான் அன்றைக்குக் காசு என்கிற சைக்கிளுக்கு யார் கெடு வைப்பார்கள்? அத்தானுக்கு பெயின்ட் வாங்கக் காசு இல்லாமல் போனதில்லை. காய்கிற நாட்கள்தான் அவரிடம் இல்லை. தெருவில் துருவேறிய வண்டியோடு வருபவரைப் பார்த்து அக்கறையில்லாதவர் என்று நானும் நினைத்திருக்கிறேன். அது தப்பு.

மார்கழி 25

ரெட் ஆக்சைடு பிரைமர். அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடு. துருவின் நெருங்கிய உறவு. இதற்கு மேல் ஆக்சிஜனோடு சேர ஒன்றுமில்லாமல் அடங்கிவிட்ட பொருள். அதனால்தான் இரும்பின் மேல் அமைதியாக உட்காரும். நான்கு நாள் தேய்த்து நீக்கிய நிறத்தையே இன்று பிரஷால் திரும்பப் பூசினேன்.

பூசுமுன் ஃபிரேம் எண் பொறித்த இடத்தில் டேப் ஒட்டினேன். மரைகளுக்குள் துணி திணித்தேன். அந்தச் சீட்டுக் குழாய்க்குள் ஆளி விதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்து வடித்தேன். 2005இன் தண்ணீருக்கு அதுதான் என்னால் முடிந்தது.

மார்கழி 27

எனாமல், முதல் கை. டப்பாவைத் திறந்தால் பால் போல ஆடை படிந்திருந்தது. அண்ணாச்சி அதை ஓரமாக நறுக்கி எடுத்து, பெயின்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கினோம். காலை பத்து மணிக்கு மேல்தான் பிரஷைத் தொடவிட்டார். விடிகாலைப் பனி ஈரம் போக வேண்டுமாம்.

என்ன நிறம் என்று வீட்டில் பேச்சு நடந்தது. அக்காவுக்குப் பச்சை ஆசை. அத்தான் கறுப்பே போதும் என்றுவிட்டார். நாளைக்குக் கீறல் விழுந்தால் எந்தக் கடையிலும் கறுப்பு சின்ன டப்பாவில் கிடைக்கும். அவரை ஜனங்கள் தெரிந்துகொள்வது நிறத்தால் அல்ல, அந்த ரப்பர் ஹாரனின் 'பாம் பாம்' சத்தத்தால்.

"பின் மட்கார்டு நுனில அந்த வெள்ளையை மட்டும் மறந்துராத மாப்ளே. நான் கிளம்புறப்ப இருட்டு."

தை 1

போகி அன்று இரண்டாம் கை அடித்தாயிற்று. இன்று ஃபிரேம் மாடிக் கொடியில் தொங்குகிறது. கீழே தெருவில் பொங்கல் பானைகள். புகை மேலே வருமோ என்று இரண்டு முறை ஏறிப் பார்த்தேன். தொட்டால் ஒட்டவில்லை. ஆனால் நகம் பதிகிறது. எனாமல் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது. தொட உலர்வது ஒரு நாள், கெட்டிப்பட ஒரு வாரம். அத்தானும் ஏறிவந்தார். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காலை ஒன்பது மணிக்கு நின்று நான் பார்த்ததில்லை.

தை 4

பூட்டியாயிற்று. தங்கக் கோடு இழுக்க எனக்குக் கை வரவில்லை, அண்ணாச்சிக்கும் விரல் நடுங்குகிறது. ரெக்சின் பைக்கு அடியில் இருந்த அந்த ஒரு சாணை மட்டும் நான் தேய்க்கவே இல்லை. பழைய கறுப்பு, பழைய கோடு. மேலே பை வந்து மூடிக்கொண்டது.

சட்னி வாளி தொங்கும் பக்கம், கழுத்திலும் ஃபோர்க்கிலும் பழைய டியூபைக் கிழித்துச் சுற்றியிருக்கிறோம். வாரம் ஒரு முறை அதை அவிழ்த்துத் துடைப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். இரவல் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறது. அதன் சொந்தக்காரர் நாளை மாலை வருகிறார்.

மீதிக் கறுப்பு பெயின்ட் கால் டப்பா இருக்கிறது. இறுக மூடித் தலைகீழாகக் கவிழ்த்துப் பரணில் வைத்தேன். அப்படி வைத்தால் ஆடை அடியில்தான் படியும்.