மீண்டும் வெள்ளைப் பட்டி

ஜூடோ வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் வரிசையாக மண்டியிட்டு அமர்வார்கள். ஒரு முனையில் கறுப்புப் பட்டிக்காரர், மறுமுனையில் வெள்ளைப் பட்டிக்காரர், இடையில் மற்ற நிறங்கள். யாருக்கு அடுத்து யார் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. கராத்தேயில் கறுப்புப் பட்டி வாங்கிப் பல வருடங்கள் கழித்து நான் ஒஸ்லோவில் ஜூடோ பழகச் சேர்ந்தபோது, அந்த வரிசையின் கடைசியில், என் மகனின் வயதுப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், "அப்ப இவ்வளவு காலம் பழகினதெல்லாம் வீணோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஓர் இடத்தில் உழைத்துப் பெற்ற தகுதி இன்னோர் இடத்தில் என்ன ஆகிறது என்பது, ஊர் விட்டு வந்த எங்கள் எல்லோரையும் ஏதோ ஒரு வயதில் பிடித்து உலுக்கிய கேள்வி.

முதலில் உடம்பு சொல்லும் பதிலைச் சொல்கிறேன். கராத்தேயில் தூரம்தான் பாதுகாப்பு. எதிராளியின் கை எட்டாத இடத்தில் நின்று, தருணம் பார்த்து உள்ளே புகுந்து, அடித்துவிட்டு விலக வேண்டும். ஜூடோவில் ஆட்டம் தொடங்கியதும் எதிராளி ஒரு கையால் என் மேலங்கியின் மார்புப் பட்டையையும் மறுகையால் முழங்கைப் பக்கத் துணியையும் பிடித்துக்கொள்கிறார். இனித் தூரம் என்ற பேச்சே இல்லை. இத்தனை வருடம் விலகிப் பழகிய என் உடம்பு தானாகவே பின்னுக்குச் சாய்ந்தது. பாரம் குதிகாலுக்குப் போன அந்த நொடியிலேயே அவர் வெளிப்பக்கமாக என் காலை வாரிவிட்டார். ஓசோட்டோ காரி என்பது அந்த எறிதலின் பெயர். புதிதாக வந்த எவருக்கும் அதை முதல் மாதங்களிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கராத்தேயில் என்னைக் காப்பாற்றிய அதே பழக்கம் இங்கே என்னை மல்லாக்கத் தள்ளியது.

ஜூடோக்காரர் பிரேசிலிய ஜியுஜிட்சுவுக்குப் போனாலும் இதே கதைதான். ஜூடோவில் முதுகு தரையில் பட வேகமாக எறியப்பட்டால் ஆட்டம் முடிந்தது. ஆகவே விழும்போதே குப்புறத் திரும்பிக்கொள்வது அவர்களுக்கு இரத்தத்தில் ஊறிப்போன ஒன்று. குப்புறக் கிடந்து சற்று நேரம் தாக்குப்பிடித்தால் நடுவர் நிறுத்தி எழுப்பிவிடுவார். ஜியுஜிட்சுவில் அப்படி எழுப்புவதற்கு யாரும் இல்லை. மேலே இருப்பவர் முதுகில் ஏறி, கால்களால் இடுப்பைக் கவ்வி, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுவிடுவார். ஒலிம்பிக் டேக்வாண்டோ போட்டியில் தலையில் கையால் குத்துவதற்கு அனுமதியில்லை. அதனால் அந்த வீரர்களின் கைகள் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். குத்துச்சண்டை வளையத்துக்குள் அப்படி நிற்க முடியுமா?

ஒவ்வொரு கலையும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்குள் ஆழமாகப் போகிறது. தூரத்தில் இருப்பவரை எப்படி அடிப்பது, பிடித்தவரை எப்படி எறிவது, விழுந்த பின் எப்படி மீள்வது. அந்த ஒரு கேள்வியோடு எவ்வளவு காலம், எவ்வளவு நேர்மையாக வாழ்ந்தோம் என்பதற்கான சான்றுதான் பட்டி. அடுத்த கேள்விக்கு அது சான்றாகாது. அதற்காகப் பொய்யாகிவிடுவதும் இல்லை. ஜூடோவில் எனக்கு எறியத் தெரியவில்லை. ஆனால் எதிராளியின் மூச்சையும் தோள் அசைவையும் கவனிக்கத் தெரிந்திருந்தது, அடிபட்டாலும் நிதானம் இழக்காமல் இருக்கத் தெரிந்திருந்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் திரும்பக் கேட்கவும் தெரிந்திருந்தது. அவை எல்லாம் கராத்தே தந்தவை. வீண் போனது எதுவும் இல்லை என்று உறவினரிடம் நான் சொன்னது இதை வைத்துத்தான்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவே பல இடங்களில் பழகியவர். முதலில் தென்ஜின் ஷின்யோ ரியூ, பிறகு கிட்டோ ரியூ என்று இரண்டு ஜுஜுட்சு மரபுகளைப் படித்து, இரண்டிலிருந்தும் எடுத்துத்தான் 1882இல் தோக்கியோவில் கொடோகானைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தன் மாணவர் இருவருக்கு முதல் 'டான்' தரத்தைக் கொடுத்தார். இன்று உலகெங்கும் உள்ள கறுப்புப் பட்டித் தரவரிசைக்கு அதுவே தொடக்கம். ஒக்கினாவாவிலிருந்து வந்த புனகோஷி கிச்சினை 1922இல் கொடோகானுக்கு அழைத்துக் கராத்தேயைச் செய்துகாட்ட வைத்தவரும் அவர்தான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புனகோஷியும் தன் மாணவருக்கு டான் தரம் கொடுக்கத் தொடங்கினார். 1930இல் கானோ உயேஷிபா மொரிஹேயின் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கே பழகியது, பின்னாளில் ஐகிடோ என்று பெயர் பெற்ற கலை. பார்த்து வந்தவர், தன் நல்ல மாணவரான மொச்சிசுக்கி மினோருவை அதைப் பழக அனுப்பினார். எவ்வளவு பெரிய மனம்! தரவரிசையை ஏற்படுத்திய மனிதரே, தன்னிடம் தரம் பெற்றவரை இன்னொருவரிடம் புதிய மாணவராகப் போகச் சொன்னார்.

எங்கள் மரபுவழிச் சிலம்பத்தில் நிறப் பட்டி கிடையாது. ஆசான் முதலில் காலடியைத்தான் சொல்லித்தருவார். கால் சரியாக வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றும் நாளில் கையில் கம்பு வரும். பட்டியோ கம்போ, இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒன்றுதான்: உன்னை உற்றுப் பார்த்து, தீர்ப்புச் சொல்லும் ஒரு கண்.

நோர்வேயில் இப்படிக் கலை மாறிப் பழகியவர்களில் பெயர் பெற்ற ஒருவர் செசிலியா பிரேக்ஹூஸ். கொலம்பியாவில் பிறந்து, தத்தெடுக்கப்பட்டுப் பேர்கனில் வளர்ந்தவர். பதின்ம வயதில் கிக்பாக்சிங்கில் தொடங்கி, பிறகு குத்துச்சண்டைக்கு வந்து உலகப் பட்டங்களை வென்றார். தொழில்முறைக் குத்துச்சண்டையை நோர்வே 1981இல் தடை செய்திருந்தது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் தடையை நீக்கிய பின்னர், 2016 அக்டோபர் 1 அன்று ஒஸ்லோ ஸ்பெக்ட்ரும் அரங்கில் அவர் சொந்த நாட்டு மக்கள் முன் மோதி வென்றார்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பட்டியைப் பற்றி அடக்கம், பணிவு என்று அழகாகப் பேசுவது எளிது. ஆனால் எண்பதுகளில் இங்கே வந்த எங்கள் அண்ணன்மாரை நினைத்துப் பார்க்கிறேன். ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். ஒஸ்லோவில் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார்கள். அவர்களும் வரிசையின் கடைசியில்தான் போய் நின்றார்கள். அதைப் பணிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. தத்தாமி விரிப்பில் கடைசியில் உட்காருபவருக்கு அடுத்த படி எது, அதற்கு என்ன தெரிய வேண்டும், யார் சோதிப்பார் என்பதெல்லாம் முதல் நாளே தெரியும். நான் விரும்பிப் போனேன், ஏணி கண்முன்னே இருந்தது, மூத்தவர் ஒருவர் என் காலடியைப் பார்த்துத் திருத்தினார். மீன் வெட்டிய மனிதருக்கு அந்த ஏணியை யார் காட்டினார்கள்? அவருக்கு என்ன தெரியும் என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? கீழே இருந்து மறுபடி தொடங்குவதில் சிறுமை ஒன்றும் இல்லை. யாருமே பார்க்காத இடத்தில் தொடங்கவைக்கப்படுவதில்தான் சிறுமை இருக்கிறது. இந்த வேறுபாட்டை நான் விளங்கிக்கொண்டது ஜூடோ விரிப்பில்தான்.

அதனால்தான் பட்டி சேர்ப்பவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. ஒவ்வொரு கலையிலும் அரைகுறையாகக் கொஞ்சம் கற்று, பழைய தரத்தைக் காட்டிப் புதிய இடத்திலும் ஒரு நிறம் கேட்டு வாங்குவார்கள். அப்படி வாங்குகிறபோது அவர்கள் இழப்பது, உற்றுப் பார்க்கும் அந்தக் கண்ணைத்தான்.

பிள்ளைகள் விடயத்தில் நோர்வே விளையாட்டு அமைப்பின் விதி ஒன்று எனக்குப் பிடிக்கும். பதினொரு வயதாகும் ஆண்டு வரை பிள்ளைகளின் போட்டிகளில் வெற்றிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. பதின்மூன்று வயதாகும் ஆண்டிலிருந்துதான் தேசிய சாம்பியன் போட்டிகள். அதே பிள்ளை கராத்தே வகுப்பில் தன் தரத்தை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நிற்கிறது. இது முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. போட்டிப் பட்டியல் பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடுகிறது. பட்டி, ஒழுங்காகக் கொடுக்கப்பட்டால், போன வருடத்துப் பிள்ளையோடு இந்த வருடத்துப் பிள்ளையை ஒப்பிடுகிறது. அதைப் பட்டியலாக மாற்றுவது பெற்றோராகிய நாங்கள்தான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் "உங்கட மகள் என்ன பெல்ட்? எங்கட மகன் பிரவுன்" என்று தொடங்கிவிடுகிறோம்.

பழுப்புப் பட்டி வரை வந்த உங்கள் பிள்ளை ஒருநாள், ஜூடோவுக்கோ மல்யுத்தத்துக்கோ போகப்போகிறேன் என்று சொன்னால், கறுப்பு வாங்கிவிட்டுப் போ என்று மறிக்காதீர்கள். அடுத்த தேர்வுக்குப் பயந்து ஓடுகிறதா, புதிதொன்றைக் கற்கும் ஆசையா என்று மட்டும் கேளுங்கள். பயம் என்றால், தேர்வு முடியும்வரை பக்கத்தில் இருங்கள். ஆசை என்றால், வெள்ளைப் பட்டி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக இருந்து முழுதாகப் பாருங்கள். வரிசையின் கடைசியில் இருக்கும் பிள்ளையிடம் அந்த ஆசிரியர் வந்து நின்று, குனிந்து, காலைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். திருத்துகிறார் என்றால் அன்றே சேர்த்துவிடுங்கள்.