கிணற்று நீரும் சைவர் கடனும்

யாழ்ப்பாணத்திலே வற்றாத நதியொன்றுமில்லை. ஐப்பசி முதன் மார்கழியீறாகப் பெய்யும் மாரியே சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கேணியிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருத்தலை மாணாக்கர்க்குக் காட்டிய ஆசிரியர் இதனை நன்கறிவர்.

துலாமிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே உடல்வலியே மனிதனாசைக்கு எல்லையாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. அளவிறந்து இறைப்பின் கீழுள்ள உவர் மேலேறும். மிகையாயிட்ட இரசாயனவுரமோ நைத்திரேற்றாய்க் கரைந்து அயலான் கிணற்றையுஞ் சேரும். கடன்பட்டுப் பயிரிடும் கமக்காரனை மாத்திரம் பழித்தல் நேர்மையன்று. உரம் விற்றவன் சொன்ன அளவையே அவன் இட்டான். ஆயினும், “கிணறு என் காணியிலுள்ளது, வேண்டியமட்டும் இறைப்பேன்” என்பாரை யாம் வினாவுகின்றோம்: நிலத்தின்கீழோடும் நீருக்கு வேலியுண்டோ?

இவ்வாறு வினாவுதற்கு எமக்கு யோக்கியதையுண்டோ என்பதையுஞ் சிந்தித்தல் வேண்டும். திருநீறணிந்த எம்மவரே ஒருசாராரைக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாது, பிறர் அள்ளி வார்க்குமளவும் குடத்தோடு காத்துநிற்கச் செய்தனர். சாதிபற்றித் தடைவிதித்தலை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கிற்று. தருமத்தாற் செய்யவேண்டியதைச் சட்டம் வந்து செய்வித்தமை எமக்கு நாணமே. அன்று நீருக்குச் சாதிவேலியிட்டோம். இன்று பின்வருஞ் சந்ததியார்க்கு எட்டாவண்ணம் அதனையே இறைத்தொழிக்கின்றோம். எல்லார்க்குமாகப் பெய்த மழையைத் தமக்கேயெனக் கொள்ளுதல் இரண்டினுமுண்மையின், இரண்டும் ஒரே குற்றமென்பது எமது துணிபு.

ஆதலின், தண்ணீர்ப்பந்தற் புண்ணியத்தைப் போதிக்கும் ஆசிரியர்கள் அப்பாடத்தோடு பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் மாணாக்கர் கையாலேயே அளந்தெழுதுவிப்பாராக.